வெளியூர்க்காரரைப் பற்றி நம் மனதில் எண்ணம் எப்படி உருவாகிறது? நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி பக்கம் வீடு கட்டுபவர், ஓட்டல் நடத்துபவர், வயல் வைத்திருப்பவர் என்று யாரோடு பேசினாலும் வடமாநிலத் தொழிலாளர் பேச்சு வந்துவிடுகிறது. சிலர் நன்றியோடு பேசுகிறார்கள், சிலர் பயத்தோடு, சிலர் கோபத்தோடு. ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பேருக்கு ஒரே ஆளைப் பற்றி இத்தனை வேறுபாடான எண்ணம் எங்கிருந்து வருகிறது? பல நாடுகளில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் நம் பக்கத்து நடப்பையும் சேர்த்து வைத்து, திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கருத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வந்தவர் எப்படிப்பட்டவர் என்பதைவிட, அவரை நாம் எந்த நிலையில் சந்திக்கிறோம், அவரைப் பற்றி யார் சொல்லிக் கேட்கிறோம் என்பதுதான் நம் எண்ணத்தை அதிகம் தீர்மானிக்கிறது.

பீகாரிலிருந்து வருபவரும் இந்தியர்தானே? அவரை எப்படிக் குடியேறியவர் என்று சொல்வது?

சட்டப்படி அவர் அயலார் இல்லை. இந்தியக் குடிமக்கள் நாட்டின் எந்தப் பகுதிக்கும் போய் வசிக்கலாம், குடியேறலாம் என்பது அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமை. பிறந்த இடத்தைக் காட்டி அரசு வேலையில் பாகுபாடு பார்க்கக் கூடாது என்கிறது 16ஆவது பிரிவு. மாதம் 30,000 ரூபாய்க்கு உட்பட்ட தனியார் வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரருக்கே என்று ஹரியானா அரசு கொண்டுவந்த சட்டத்தை 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அதனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வேற்று நாட்டவர் பற்றி நடந்த ஆய்வுகளை இங்கே அப்படியே பொருத்திவிடக் கூடாது. அங்கே போனவருக்கு விசா கவலை, நாடு கடத்திவிடுவார்களோ என்ற பயம். இங்கே வந்தவருக்கு அது கிடையாது. ஆனால் ஊர் மொழி தெரியாது, வாக்காளர் பட்டியலில் பெயர் சொந்த ஊரில் இருக்கிறது, அவருக்காகப் பேச வார்டு கவுன்சிலர் யாரும் இல்லை. ஓட்டு இல்லாதவரை அரசியலும் கண்டுகொள்வதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நியூயார்க் போன மெக்சிகோக்காரரும் நெல்லை வண்ணார்பேட்டையில் சென்ட்ரிங் அடிக்கும் ஒடியாக்காரரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள்.

சட்டப்படி வெளிநாட்டவராக நம்மிடையே வாழ்பவர்கள் இலங்கைத் தமிழர்கள். அவர்களைப் பற்றிப் பின்னால் தனியாக எழுதியிருக்கிறேன்.

வேலையைப் பறித்துக்கொள்கிறார்கள் என்ற கோபம்தானே எல்லாவற்றுக்கும் அடிப்படை?

எல்லாரும் முதலில் சொல்லும் காரணம் இதுதான். ஆய்வுகளில் மிகவும் பலவீனமாக வெளிப்பட்ட காரணமும் இதுதான். ஜென்ஸ் ஹைன்முல்லர், டேனியல் ஹாப்கின்ஸ் இருவரும் 2014இல், அதுவரை பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வந்தவரால் தன் சொந்தப் பிழைப்பு நேரடியாகப் பாதிக்கப்படுகிறவர்தான் அதிகம் எதிர்க்கிறார் என்பதற்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. ‘நம் நாட்டுக்கு இது நல்லதா, நம் பண்பாடு என்ன ஆகும்’ என்கிற பொதுவான கவலையே எதிர்ப்போடு அதிகம் ஒட்டியிருந்தது. தன் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லாத ஓய்வுபெற்ற அதிகாரி, கொத்தனாரைவிடக் கோபமாகப் பேசுவதை நாமே பார்க்கிறோமே.

அப்படியானால் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? உண்டு. எந்த வேலை என்பதைப் பொறுத்தது. இந்தியாவுக்குள் இடம்பெயர்வதைப் பற்றி மைரன் வீனர் 1970களில் ஆராய்ந்தபோது கவனித்தது முக்கியமானது. ‘மண்ணின் மைந்தர்’ கோஷம் கூலி வேலைக்கு ஆட்கள் வந்த இடத்திலெல்லாம் எழவில்லை. உள்ளூரில் படித்த இளைஞர் கூட்டம் ஒன்று புதிதாக உருவாகி, அவர்கள் எதிர்பார்த்த அலுவலக நாற்காலிகளில் வெளியார் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த இடங்களில்தான் எழுந்தது.

இதற்கு நம் ஆட்களே சாட்சி. பம்பாய் தாராவியில் தோல் பதனிடும் வேலைக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தலைமுறை தலைமுறையாகப் போயிருக்கிறார்கள். 1960களில் பால் தாக்கரே நடத்திய ‘மார்மிக்’ பத்திரிகை கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களைத் தொடர்ந்து வெளியிட்டது. 1966இல் அவரே சிவசேனையைத் தொடங்கினார். அந்தக் கோபத்தின் தொடக்கம் தோல் கிடங்கில் நாறிக் கிடந்தவரைப் பார்த்து வந்ததில்லை. டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவைப் பார்த்து வந்தது. ஆனால் ‘லுங்கியை விரட்டு’ என்ற கோஷம் கிளம்பிய பிறகு குமாஸ்தா யார், தொழிலாளி யார் என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்லை.

இதே கண்ணோடு இன்று நம் பக்கத்தைப் பாருங்கள். பட்டம் வாங்கிவிட்டுப் பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் மனக்குறை, ரயில்வேயிலும் வங்கியிலும் தபால் துறையிலும் வடமாநிலத்தவர் வந்து உட்காருகிறார்கள் என்பது. 2016 இறுதியில் நடந்த தபால்காரர் தேர்வில், ஹரியானா தேர்வர்கள் தமிழ்ப் பாடத்திலேயே தமிழ்நாட்டுப் பிள்ளைகளை மிஞ்சிய மதிப்பெண் எடுத்ததாக முடிவு வந்தது. பெரிய சர்ச்சையாகி முடிவுகள் நிறுத்தப்பட்டன. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது, அதை முறையாகக் கேட்கவும் வேண்டும். மாநில அரசு வேலைத் தேர்வுகளில் தமிழ்த் தாளைக் கட்டாயமாக்கி 2021 டிசம்பரில் வந்த ஆணை அப்படி முறையாகக் கேட்டதன் பலன்தான். ஆனால் தேர்வு மையத்தில் உண்டான கோபம், சாயங்காலம் டீக்கடையில் நிற்கும் சென்ட்ரிங் தொழிலாளி மேல் போய் விழுகிறது. அவர் எந்தத் தேர்வும் எழுதவில்லை.

சரி, கூலி குறைவதாவது உண்மைதானே?

இதில் பொருளாதார அறிஞர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். 1980இல் கியூபாவிலிருந்து சுமார் 1,25,000 பேர் படகுகளில் அமெரிக்கா வந்து இறங்கினார்கள். மயாமி நகரின் தொழிலாளர் எண்ணிக்கை சட்டென்று 7 சதவீதம் கூடியது. அங்கே கூலி பெரிதாக விழவில்லை என்று டேவிட் கார்டு 1990இல் எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே விழுந்திருக்கிறது என்று ஜார்ஜ் போர்ஹாஸ் பிறகு மறுத்தார். அந்த விவாதம் இன்னும் தீரவில்லை.

நம் பக்கக் கணக்கு வேறு மாதிரி. ரிசர்வ் வங்கி வெளியிட்ட புள்ளிவிவரப்படி 2022–23இல் கிராமப்புறக் கட்டடத் தொழிலாளியின் சராசரி நாள்கூலி கேரளாவில் 850 ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டில் சுமார் 500, மத்தியப் பிரதேசத்தில் 280க்கும் கீழே. செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்துக் கொத்தனார் ஆரியங்காவு வழியாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போவதற்கும், வடக்கேயிருந்து ஒருவர் ஹவுரா–கன்னியாகுமரி ரயிலேறித் திருநெல்வேலி வருவதற்கும் காரணம் ஒன்றே. நம் கொத்தனார் விட்டுப்போன இடத்துக்குத்தான் பெரும்பாலும் அவர் வருகிறார்.

வயலிலும் அப்படித்தான். பிசான நெல் நடவுக்கு ஆள் கிடைக்காமல் விவசாயி அலைவது பழைய கதையாகிவிட்டது. நடவு நட்ட பெண்கள் பலர் நூறு நாள் வேலைக்குப் போகிறார்கள், வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். அவர்களுடைய மகள்கள் கல்லூரிக்குப் போகிறார்கள். அதைத் தப்பு என்று யார் சொல்ல முடியும்? பிள்ளைப்பேறும் குறைந்துவிட்டது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தை, பீகாரில் 3. ஆள் அங்கே இருக்கிறது, வேலை இங்கே இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தில் உள்ளூர்த் தொழிலாளியின் குறை பொய்யில்லை. சில முதலாளிகள் வெளிமாநிலத்தாரைத் தேடுவது கூலி குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. அவர் சைட்டிலேயே தங்குவார். அம்மன் கோயில் கொடைக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் லீவு கேட்க மாட்டார். பத்து மணி நேரம் தாண்டி நிற்கச் சொன்னாலும் நிற்பார். அடிபட்டால் அவருக்காகக் கேட்க ஊரில் சாதிசனம் கிடையாது. இப்படி எதிர்த்துப் பேச முடியாத ஆளை வைத்து வேலை வாங்கும்போது, எதிர்த்துப் பேசிப் பேசி எட்டு மணி நேரம் என்று வாங்கி வைத்த உள்ளூர்க்காரரின் பலம் கரைகிறது. இந்தக் கோபம் போய்ச் சேர வேண்டிய இடம் ஆள் பிடித்துவரும் ஏஜென்டும் அவரை அமர்த்தும் முதலாளியும்தான். மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளருக்காக 1979லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஏஜென்ட் உரிமம் பெற வேண்டும், அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரருக்குக் குறையாத கூலி தர வேண்டும் என்று அது சொன்னது. அதை ஒழுங்காக நடத்தியிருந்தாலே பாதிச் சண்டை வந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து.

படித்தவர்களுக்கு இந்த வெறுப்பு குறைவாமே?

கணக்கெடுப்புகளில் அப்படித்தான் வருகிறது. ஆனால் அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஜேனஸ், யார் என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்க முடியாதபடி கேள்வியை மாற்றிக் கேட்டுப் பார்த்தார். நேரடியாகக் கேட்டபோது தெரிந்ததைவிட எதிர்ப்பு கூடுதலாக இருந்தது. பட்டதாரிகள்தான் அதிகம் மறைத்திருந்தார்கள். எங்கே எதைச் சொல்லக் கூடாது என்பதையும் படிப்பு கற்றுத்தருகிறது.

“ஜங்ஷன் பக்கம் போனா எங்க பாத்தாலும் இந்திக்காரனுவளாத்தான் இருக்கானுவ. ஊரே அவங்க கைக்குப் போயிருமோ?”

கண்ணில் படுவதும் எண்ணிக்கையும் ஒன்றில்லை. அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஸ்வீடன், பிரிட்டன் ஆகிய ஆறு நாடுகளில் 2018இல் 22,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஆல்பர்ட்டோ அலெசினா குழுவினர், உங்கள் நாட்டில் எத்தனை சதவீதம் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டார்கள். ஆறு நாட்டு மக்களும் உண்மையைவிட மிக அதிகமாகவே சொன்னார்கள். அமெரிக்காவில் சட்டப்படி குடியேறியவர் சுமார் 10 சதவீதம். மக்கள் சொன்ன சராசரி 36.

கட்டடத் தொழிலாளிக்குப் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. அன்று எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி வந்து காய்கறி வாங்குகிறார்கள், ரீசார்ஜ் செய்கிறார்கள், கூட்டமாக நின்று சத்தமாகப் பேசுகிறார்கள். புரியாத மொழி காதில் தனியாக விழும். அதே கூட்டம் தமிழில் பேசிக்கொண்டிருந்தால் நாம் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டோம்.

இதை ஒருவர் ரயில் நிலையத்திலேயே சோதித்தார். ரயான் ஈனோஸ் என்ற ஆய்வாளர், பாஸ்டன் நகரின் புறநகர் நிலையங்களில் ஸ்பானிய மொழி பேசும் இளைஞர்களை இரண்டு வாரம் தினமும் காலை ரயிலுக்கு வந்து நிற்க வைத்தார். அவர்கள் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ரயிலில் வழக்கமாகப் போகும் வெள்ளையரிடம் முன்னும் பின்னும் கேட்டபோது, மூன்றே நாளில் வெளியாரை அனுமதிப்பதற்கு எதிரான எண்ணம் கூடியிருந்தது. பத்து நாள் ஆனவர்களிடம் அந்த ஏற்றம் கொஞ்சம் தணிந்திருந்தது. தினமும் பார்க்கும் முகத்துக்குப் பழகிப்போய் ஒரு தலையசைப்பும் சிரிப்பும் தொடங்கியிருந்தன. நம் மனசு முதல் வாரத்தில் காட்டும் பயத்தை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

எப்போது அந்தப் பயம் தணியாமல் பகையாக முற்றுகிறது? மேலே சொன்ன ஹாப்கின்ஸ் 2010இல் இதற்குப் பதில் தந்தார். வெளியார் எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் முற்றுவதில்லை. திடீரென்று கூடியிருக்க வேண்டும், அதே நேரத்தில் நாடு முழுக்க அதைப் பற்றிய காரசாரப் பேச்சும் நடந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டும் சேரும்போது, நேற்று வரை பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர் இன்று பிரச்சினையாகத் தெரிகிறார். மேடையில் பேசுகிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

திருட்டு நடந்தால் முதலில் அவர்கள் மேல்தான் சந்தேகம் வருகிறது. அது தப்பா?

முகம் தெரியாதவர் மேல் சந்தேகம் வருவது இயல்பு. அதை வைத்து ஒருவரைப் பிடித்துக் கட்டுவது குற்றம். அமெரிக்காவில் பல பத்தாண்டுச் சிறைக் கணக்குகளைப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்கள் அங்கேயே பிறந்தவர்களைவிடக் குறைவாகத்தான் சிறைக்குப் போயிருக்கிறார்கள். வேலைக்கு வைப்பவர் ஆதார் நகலையும் புகைப்படத்தையும் வாங்கி வைத்துக்கொண்டால் இரு தரப்புக்கும் நல்லது.

வாட்ஸ்அப்பில் வரும் வீடியோக்களுக்கு இதில் எவ்வளவு பங்கு?

பெரிய பங்கு. 2018 மே மாதம், வடமாநிலத்தவர் குழந்தை கடத்த வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி தமிழ்நாடு முழுக்கப் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு காரில் வந்த 65 வயதுப் பெண் ஒருவரை ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அவர் சென்னைக்காரர். வடக்கத்தியார் மேல் கிளப்பிய பயம் ஒரு தமிழ்ப் பாட்டியின் உயிரை எடுத்தது. அடித்தவர்களில் எத்தனை பேருக்கு வடமாநிலத்தவர் யாரோடாவது பழக்கம் இருந்திருக்கும்?

2023 மார்ச்சில் இதே விஷயம் எதிர்த்திசையில் நடந்தது. தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை வெட்டுகிறார்கள் என்று போலி வீடியோக்கள் வடக்கே பரவின. வேறு எங்கோ வேறு காரணத்துக்காக நடந்த சம்பவங்களின் படங்கள் அவை. பீகார் சட்டமன்றத்தில் அமளி ஆனது, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் போனது, வதந்தி பரப்பியவர்கள் மேல் தமிழகக் காவல்துறை வழக்குப் போட்டது. அதற்குள் பயந்துபோன தொழிலாளர்கள் பலர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். அப்போதுதான் பல முதலாளிகள் தங்களிடம் வேலை பார்ப்பவரின் ஊர் எது, வீட்டில் யார் யார் என்று முதல் தடவையாக விசாரித்தார்கள்.

பழகினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்களே?

எப்படிப் பழகுகிறோம் என்பதில் இருக்கிறது. கோர்டன் ஆல்போர்ட் 1954இலேயே நான்கு நிபந்தனை சொன்னார்: சந்திக்கும்போது இரு தரப்பும் சம நிலையில் இருக்க வேண்டும், பொதுவான ஒரு குறிக்கோள் இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், பெரியவர்களும் அதிகாரிகளும் அதை ஆதரிக்க வேண்டும். பிறகு 2006இல் பெட்டிக்ரூ, ட்ராப் இருவரும் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, பழக்கம் பொதுவாக வெறுப்பைக் குறைக்கிறது என்றும், இந்த நிபந்தனைகள் இருந்தால் இன்னும் நன்றாகக் குறைக்கிறது என்றும் தெரிந்தது.

இந்தியாவிலேயே ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. உத்தரப் பிரதேச கிராமங்களில் மேட் லோ என்பவர் 1,261 இளைஞர்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினரை வைத்து கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். சில அணிகளில் பல சாதிப் பையன்களைக் கலந்தார், சிலவற்றில் ஒரே சாதி. வேறு சாதிக்காரரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு வேறு சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களுக்கு அந்த நட்பு குறையவே செய்தது. பள்ளிக்கூடப் பையன்கள் சாதிக்கு ஒரு நிறமாகக் கையில் கயிறு கட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து வேதனைப்படும் நம் ஊர் ஆசிரியர்கள் இதை அவசியம் யோசிக்க வேண்டும். கபடியும் கிரிக்கெட்டும் இங்கே ஊருக்கு ஊர் நடக்கின்றன. ஆனால் அணிகள் தெருவாரியாக, அதாவது சாதிவாரியாகத்தான் பிரிகின்றன. வெளியூர்க்காரரை ஏற்பதற்கும் பக்கத்துத் தெருக்காரரை ஏற்பதற்கும் நடுவில் நான் பெரிய வித்தியாசம் பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் நடக்கும் இரண்டு விதமான பழக்கத்தைப் பாருங்கள். ஓட்டல் அடுக்களையில் உள்ளூர் மாஸ்டர் பரோட்டா அடிக்க, அசாம் பையன் சால்னா ஊற்றிக் கொடுப்பான். கூட்டம் நெரிக்கும் ராத்திரியில் ஒருவர் கையை மற்றவர் நம்பித்தான் ஆக வேண்டும். ஆறு மாதத்தில் பையன் நெல்லைத் தமிழில் ‘ஏலே’ போட்டுப் பேசுவான், மாஸ்டருக்கு நாலு வார்த்தை இந்தி வந்திருக்கும். அந்த மாஸ்டரிடம் போய் வடக்கத்தியார் எல்லாம் திருடர் என்று சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார். ஊருக்கு வெளியே தகர ஷெட்டில் முப்பது பேரை அடைத்து, மேஸ்திரி மூலமாக மட்டுமே பேச்சு நடக்கும் கட்டட சைட்டில் இது எதுவும் நடக்காது. பக்கத்துத் தெருக்காரருக்கு ஷெட்டிலிருந்து வரும் பாட்டுச் சத்தமும், கழிப்பறை இல்லாததால் வரும் நாற்றமும்தான் தெரியும். அந்த நாற்றத்துக்குக் கழிப்பறை கட்டாத முதலாளி பொறுப்பு. பெயர் கெடுவது உள்ளே இருப்பவர்களுக்கு.

கோயில் கொடைத் திருவிழா நேரத்தில் வீட்டுக்கு வீடு வரி பிரிப்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தை ஊர் தன்னுடையதாகக் கருதுகிறதா என்பதற்கு நம் கிராமங்களில் வரி ஒரு நல்ல அடையாளம். பல வருடமாகக் குடியிருந்தும் வரி கேட்டு யாரும் வராத வீடு, ஊருக்கு வெளியே இருக்கும் வீடுதான். வடமாநிலத் தொழிலாளியிடம் நூறு ரூபாய் நன்கொடை வாங்கி நோட்டீஸில் பெயர் போடும் கமிட்டிகளை எனக்குப் பிடிக்கும்.

மொழி ஒன்றாக இருந்தால் பிரச்சினை வராதுதானே?

இலங்கைத் தமிழர் விஷயம் அப்படி நினைக்க விடுவதில்லை. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்தவர்களைத் தமிழ்நாடு உறவுக்காரராக வரவேற்றது. கங்கைகொண்டானிலும் பெருமாள்புரத்திலும் முகாம்கள் அமைந்தன. 1991 மே 21இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அதே மக்களைப் பார்த்த பார்வை மாறியது. வீடு வாடகைக்குக் கொடுக்கத் தயங்கினார்கள், முகாம்களில் கண்காணிப்பு கடுமையானது. வந்தவர்களின் மொழி மாறவில்லை, மதம் மாறவில்லை, நடத்தை மாறவில்லை. அவர்களைப் பற்றி நாடு பேசிய பேச்சு மாறியது.

2021 அரசுக் கணக்குப்படி மாநிலம் முழுக்க முகாம்களில் சுமார் 58,000 பேரும் வெளியே சுமார் 34,000 பேரும் இருந்தார்கள். அந்த ஆண்டில்தான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாறியது. இவர்களில் கணிசமானவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். இங்கே பிறந்தும் குடிமக்கள் இல்லை. 1987 ஜூலை 1 முதல், இந்தியாவில் பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்று சட்டம் மாறிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றையும் சேர்த்தது, இலங்கையைச் சேர்க்கவில்லை. தாமிரபரணித் தண்ணீர் குடித்து, நெல்லைத் தமிழ் பேசி வளர்ந்த பெண் சட்டப்படி வெளிநாட்டவர் என்பது எனக்கு இன்றும் ஏற்க முடியாத அநியாயமாகத்தான் படுகிறது.

நாமே கொழும்பு, பர்மா, பம்பாய் என்று போனவர்கள். நமக்கு இரக்கம் தானாகவே வர வேண்டாமா?

தானாக வருவதில்லை, ஞாபகப்படுத்தினால் வருகிறது. அமெரிக்காவில் 2021இல் வெளியான ஒரு ஆய்வில், சிலரிடம் முதலில் உங்கள் குடும்பம் எங்கிருந்து இந்த நாட்டுக்கு வந்தது என்று கேட்டுவிட்டு, அப்புறம் குடியேற்றம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள். அப்படிக் கேட்கப்பட்டவர்களின் பதில் கொஞ்சம் இளகியிருந்தது. ஜோஷ்வா கல்லாவும் டேவிட் ப்ரூக்மேனும் வீடு வீடாகப் போய் நடத்திய சோதனையிலும் இதே அனுபவம். வாதாடியபோது யாரும் மாறவில்லை. எதிராளி சொல்வதைக் குறை சொல்லாமல் கேட்டு, அவருடைய கதையை வாங்கி, குடியேறிய ஒருவரின் கதையையும் சொன்னபோது மாற்றம் வந்தது, மாதக்கணக்கில் நிலைத்தது.

நம் வீடுகளில் அந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் திருநெல்வேலிச் சீமைக்காரர் உண்டு. 1948இல் சுதந்திரம் பெற்ற கையோடு இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு பிரித்தது. அப்படித் திரும்பி வந்தவர்களை இங்கே ‘சிலோன்காரன்’ என்று ஒதுக்கிப் பேசியவர்களும் நம் ஊர்க்காரர்கள்தான். சென்னையில் மளிகைக் கடை வைத்த நம் அண்ணாச்சிகளின் பேச்சும் தொடக்கத்தில் அந்த ஊருக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. கடைக்குப் பின்னாலேயே படுத்து, விடியற்காலையில் கதவு திறந்து உழைத்த அதே உழைப்பை இன்று நம் ஊரில் பானிபூரி வண்டி தள்ளும் பையனிடம் பார்க்கலாம்.

வந்தவர் எத்தனை வருடத்தில் ‘நம்ம ஆளு’ ஆவார்?

வருடக் கணக்கு எதுவும் இல்லை. நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடையில் அல்வா வாங்க வரிசையில் நிற்கிறவர்கள், அதைத் தொடங்கிய சிங் குடும்பம் வடக்கேயிருந்து வந்தது என்று பெருமையாகச் சொல்வார்கள். அயர்லாந்தில் பிறந்து 1841இல் இடையன்குடிக்கு வந்த கால்டுவெல் அந்த மண்ணிலேயே அடக்கமானார், ஊர் அவரைத் தன்னவராகவே வைத்திருக்கிறது. கடை போட்டவர், நிலம் வாங்கியவர், பள்ளிக்கூடம் கட்டியவர் சீக்கிரம் நம்மவர் ஆகிறார்கள். மேஸ்திரி சொல்லும் இடத்துக்கெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும் கூலியாளுக்கு ஒரு தெருவில் இரண்டு வருடம் சேர்ந்தாற்போல் இருக்கவே வழியில்லை.

எங்கள் தெருவில் கட்டட வேலைக்கு வந்த குடும்பத்தின் பிள்ளைகள் சும்மா திரிகிறார்கள். பள்ளியில் சேர்க்க முடியுமா? டி.சி. எதுவும் இல்லையாமே?

தாராளமாகச் சேர்க்கலாம். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 14 வயது வரை எந்தக் குழந்தைக்கும் அருகிலுள்ள பள்ளியில் இலவசமாகப் படிக்க உரிமை உண்டு. எந்த மாநிலத்துப் பிள்ளை என்பது கேள்வியே இல்லை. டி.சி. வரத் தாமதமானாலும், பிறப்புச் சான்று இல்லாவிட்டாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. படிக்காமல் விட்ட பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில்தான் சேர்க்க வேண்டும், பின்தங்கியதை ஈடுகட்டத் தனிப் பயிற்சி தர வேண்டும். அந்தப் பெற்றோருக்கு இது தெரியாது, தலைமை ஆசிரியரிடம் பேச மொழியும் இருக்காது. அவர்களோடு பள்ளி வரை போய்ப் பேச உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். சத்துணவும் காலை உணவும் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஜூன் மாதம் வரை காத்திருக்க வேண்டியதில்லை, வருடத்தின் நடுவிலும் சேர்ப்பார்கள்.